புறநகர் பஸ் ஏன் இவ்ளோ சுத்துது?

வணக்கம் மக்களே! ஓடுற பஸ்லேர்ந்து பேசுறேன், சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இப்ப பாருங்க, மெயின் ரோட்டுலயே நேரா போனா அடுத்த ஸ்டாப் பக்கம்தான். ஆனா டிரைவர் குடியிருப்புக்குள்ள திருப்பிட்டாரு. ஒரே ஒருத்தர் இறங்குறாரு. இப்ப முட்டுச்சந்துல ரிவர்ஸ். பின்னாடி நிக்குற பைக்கை நகர்த்தச் சொல்லி ஹாரன் வேற. மொத்த வண்டியும் உக்காந்து வேடிக்கை பாக்குறோம்.

"எங்க தெருவுக்குள்ள பஸ் வரணும்"னு கேக்குறதுல தப்பில்ல. ஆனா கணக்கைப் பாருங்க. ஒரு ரூட்டுக்கு 4 வண்டி. போயிட்டு வர 1 மணி நேரம்னா 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ். சுத்தவிட்டு அதை 2 மணி நேரமாக்கினா, அதே 4 வண்டி 30 நிமிஷத்துக்கு ஒண்ணுதான் வரும். சராசரியா நீங்க காத்திருக்குறது ஏழரை நிமிஷத்துலேர்ந்து 15 ஆயிடும். இதுவும் எல்லாம் ஒழுங்கா ஓடினாத்தான். ஒரு வண்டி லேட்டானா ஸ்டாப்ல கூட்டம் சேரும், அவங்களை ஏத்துறதுல இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்றது காலியா வந்து ஒட்டிக்கும். ரெண்டு பஸ் ஜோடியா வர்ற ரகசியம் இதுதான்!

அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 2015 ஆகஸ்ட்ல உள்ளூர் ரூட்டு எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தினாங்க. முன்னாடி முக்காவாசி ரூட்டு நகர மையத்துக்குத்தான் போகும். அதைக் கட்டம் போட்ட நோட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமா நேர் ரூட்டாக்கி, முக்கியமானதுல 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ், சனி ஞாயிறும் சேர்த்து விட்டாங்க. சிலர் கொஞ்சம் கூட நடக்கணும், சிலர் வண்டி மாறணும். என்னைக் கேட்டா அது நல்ல பேரம்.

பிரேசில்ல குரிச்சிபா இன்னும் பழைய கில்லாடி. மையத்துக்குப் போற சிவப்பு எக்ஸ்பிரஸ் தனிப்பாதையில ஓடும். அது 1974லயே ஆரம்பிச்சது. பேட்டைக்குப் பேட்டை, மையத்தைத் தொடாமலே சுத்தி இணைக்குறது பச்சை பஸ். பக்கத்துப் புறநகருக்குப் போக நடு ஊருக்குப் போய்த் திரும்புற கொடுமை அங்க குறைவு.

வண்டி மாறச் சொன்னா ஒரே டிக்கெட் செல்லணும். ரெண்டு தடவை காசு கேட்டா யாரு மாறுவா? அப்புறம் அந்த உள் தெருக்காரங்க, நடக்க முடியாத பெரியவங்க... அவங்களுக்கு மெயின் ரோடு வரைக்கும் ஒரு மினி பஸ் விடலாம். ஆனா பெரிய பஸ் டைமோட அதைக் கோத்து விடணும். இல்லன்னா வீட்டு வாசல்ல ஒரு தடவை, ரோட்டுல ஒரு தடவைன்னு ரெண்டு இடத்துல நிக்கணும்!