ஃபிரட்டர்னிட்டின்னா குடிக்கிற வீடு மட்டும்தானா? 1776ல இருந்து பார்த்துடுவோம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு வழக்கமான சுத்திக்காட்டல் எல்லாம் கிடையாது, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். அமெரிக்க யூனிவர்சிட்டி ஹாஸ்டல் வாடகை பத்திப் போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ஃபிரட்டர்னிட்டி வீட்ல தங்கினா செலவு கம்மியாமே? ஆனா அது பணக்காரப் பசங்க குடிச்சுட்டு ஆடற இடம்தானே?" ஃபிரட்டர்னிட்டின்னா அமெரிக்கக் கல்லூரிகள்ல பெரும்பாலும் ஆண் மாணவர்கள் சேர்ந்து நடத்தற, கிரேக்க எழுத்துல பேர் வச்ச சங்கம். அந்தக் கேள்வியில முதல் பாதி நல்ல கேள்வி, அதுக்குப் பதில் சொல்றேன். ரெண்டாவது பாதியைப் பார்த்தாதான் கடுப்பாகுது. படத்துல பார்த்ததை வச்சு 200 வருஷ விஷயத்தை ஒரே வரியில தீர்ப்பு சொல்லிடறோம்.

ஆரம்பத்துல இருந்து வருவோம். 1776 டிசம்பர் 5, வர்ஜீனியால வில்லியம்ஸ்பர்க் ஊர், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. அஞ்சு பசங்க சேர்ந்து ஃபை பீட்டா கப்பான்னு ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாங்க. சுதந்திரப் பிரகடனம் வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது, பார்த்துக்கோங்க. வகுப்புல வாத்தியார் முன்னாடி பேச முடியாததைப் பேசணும், அதான் நோக்கம். ஆப்பிரிக்க அடிமை முறை நியாயமான்னு விவாதம் நடத்தியிருக்காங்க. அடிமைகளை வச்சு விவசாயம் நடந்த வர்ஜீனியால, அந்தக் காலத்துல! வெளியில தெரிஞ்சா வம்பு. அதனாலதான் ரகசியம், அதனாலதான் தனிக் கைகுலுக்கல், ரகசிய வாசகம், சத்தியப்பிரமாணம். அப்புறம் அந்தப் பதக்கம் இருக்கே, எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். சதுரமான வெள்ளித் தகடு, ஒரு பக்கம் மூணு கிரேக்க எழுத்து, மூலையில மூணு நட்சத்திரம், அதைச் சுட்டிக் காட்டற ஒரு கை. இன்னைக்கு நீங்க பார்க்கிற எல்லா ஃபிரட்டர்னிட்டி பேட்ஜுக்கும் மூதாதை அந்தத் தகடுதான்.

ஆனா ஃபை பீட்டா கப்பா இன்னைக்கு ஃபிரட்டர்னிட்டி கிடையாது. 1826ல நியூயார்க் மாநிலத்துல வில்லியம் மோர்கன்னு ஒருத்தர், ஃப்ரீமேசன் சங்கத்தோட ரகசியத்தைப் புத்தகமா போடப் போறேன்னு சொன்னவர், காணாமப் போயிட்டார். நாடு முழுக்க ரகசியச் சங்கம்னாலே வெறுப்பு. அந்த அலையில 1831ல ஹார்வர்ட் கிளை ரகசியத்தை விட்டுடுச்சு. அதுக்கப்புறம் மெதுவா, நல்லா படிக்கிறவங்களுக்குத் தர்ற கௌரவமா அது மாறிடுச்சு. 'சோஷியல் ஃபிரட்டர்னிட்டி'ங்கிறது வேற வம்சம்.

அந்த வம்சத்தோட பிறந்த ஊர் ஸ்கெனெக்டடி, நியூயார்க். யூனியன் காலேஜ். 1825 நவம்பர் 26ல கப்பா ஆல்ஃபா. 1827ல சிக்மா ஃபை, டெல்டா ஃபை ரெண்டும். ஒரே கல்லூரியில மூணு! ஏன்னு கேளுங்க. அப்ப கல்லூரி வாழ்க்கைன்னா இருட்டோட எழுந்து பிரார்த்தனை, அப்புறம் லத்தீன், கிரேக்கம் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறது, சாயங்காலம் திரும்பப் பிரார்த்தனை. இலக்கியச் சங்கங்கள் இருந்துச்சு. ஆனா பெருசு, அரைக் கல்லூரியே ஒரு சங்கத்துல இருக்கும். அங்க பேச்சு வளரும், நட்பு வளராது. பத்துப் பதினஞ்சு பேர், நம்பிக்கையான ஆளுங்க, கதவைச் சாத்திக்கிட்டு உட்கார ஒரு இடம் வேணும்னு நினைச்சாங்க. அவ்வளவுதான் தேவை. சிக்மா ஃபை 1831ல ஹாமில்டன் கல்லூரியில ரெண்டாவது கிளையைத் திறந்துச்சு. அங்கிருந்துதான் சங்கம் ஊர் விட்டு ஊர் போற பழக்கம். ரகசியம் பிடிக்காத பசங்களும் இருந்தாங்க. 1834ல வில்லியம்ஸ் கல்லூரியில ரகசியத்துக்கு எதிராவே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னைக்கு டெல்டா அப்சிலான்.

ஒரு நிமிஷம், 'சோஷியல்'னு சொன்னேனே, அதுக்கு சட்டத்துலயே இடம் இருக்கு, அதைச் சொல்லாம தாண்டிட்டேன். கல்வியில ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 1972ல டைட்டில் நைன் சட்டம் வந்துச்சு. 1974ல அதுல ஒரு விலக்கு: வரிவிலக்கு பெற்ற, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே உறுப்பினரா இருக்கிற சோஷியல் ஃபிரட்டர்னிட்டியும், பெண்களோட சங்கமான சொரோரிட்டியும் ஆண்களை மட்டுமோ பெண்களை மட்டுமோ சேர்க்கலாம். இன்ஜினியரிங், பிசினஸ்னு தொழில் சார்ந்த ஃபிரட்டர்னிட்டிக்கு அந்த விலக்கு பொருந்தாது. பேர்ல கிரேக்க எழுத்து இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க.

சரி, வீடு எங்கிருந்து வந்துச்சு? முதல் முப்பது நாப்பது வருஷம் தங்கற வீடே கிடையாது. யாராவது ஒருத்தர் ரூம், இல்ல கடைக்கு மேல வாடகை மாடி. மிச்சிகன் யூனிவர்சிட்டியில ஆன் ஆர்பர் பக்கத்துக் காட்டுல 'கை சை'ங்கிற ஃபிரட்டர்னிட்டி பசங்க 1846 வாக்குல மரக்கட்டையால ஒரு குடில் கட்டினாங்க. ஃபிரட்டர்னிட்டிக்குன்னு கட்டின முதல் இடமா சொல்றது அதைத்தான். அப்ப அங்க நிர்வாகம் ஃபிரட்டர்னிட்டி பசங்களை வெளியேத்தப் பார்த்துக்கிட்டிருந்த நேரம், அதனாலதான் காடு. அதே மிச்சிகன்ல 1850கள்ல தலைவரா வந்த டேப்பன், ஹாஸ்டல் அறைகளை எடுத்து வகுப்பறை ஆக்கிட்டார். பசங்க ஊருக்குள்ள தங்கிக்கட்டும், ஜெர்மனியில அப்படித்தானேன்னார். பல யூனிவர்சிட்டிகள் தங்குமிடம் எங்க வேலை இல்லைன்னு கையை விரிச்ச காலம் அது. அந்த ஓட்டையை அடைச்சது ஃபிரட்டர்னிட்டி. படிச்சு முடிச்சுப் போன பழைய உறுப்பினர்கள் பணம் போட்டாங்க, வீடு வாங்கினாங்க, சமையல்காரர் வச்சாங்க.

இங்கதான் எல்லாமே மாறுது, கவனிங்க. வீடுன்னா கடன். கடன்னா மாசத் தவணை. 40 கட்டில் இருக்கிற வீடுன்னு வச்சுக்கோங்க. வருஷா வருஷம் பத்துப் பேர் பட்டம் வாங்கிட்டுப் போவாங்க. பத்துப் புது ஆள் வரலைன்னா தவணை கட்ட முடியாது. அதனால நட்பு தானா வளரட்டும்னு காத்திருக்க முடியாது. முதல் வருஷப் பசங்க ஊருக்கு வந்து இறங்கின சில வாரத்துலயே பிடிச்சாகணும். 'ரஷ்'ங்கிற ஆள்சேர்ப்பு வாரம் இவ்வளவு அவசரமா நடக்கறதுக்குக் கட்டில் கணக்கும் ஒரு பெரிய காரணம். நம்பிக்கையான பத்துப் பேர் வேணும்னு ஆரம்பிச்ச சங்கம், பத்துப் பேர் கிடைச்சாப் போதும்ங்கிற நிலைமைக்கு வந்த கதை இதுதான்.

அந்த வீட்டைச் சுத்தி யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். உள்ள இருக்கிற பசங்க 'சாப்டர்'. வீடு பெரும்பாலும் அவங்களோடது இல்ல, பழைய உறுப்பினர்கள் நடத்தற ஹவுஸ் கார்ப்பரேஷனோடது, இல்லைன்னா யூனிவர்சிட்டியோடது. பேர், சின்னம், சடங்கு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தேசியத் தலைமையகத்தோடது. அது குடுக்கிற அனுமதிப் பத்திரம்தான் 'சார்ட்டர்'. யூனிவர்சிட்டி குடுக்கிறது அங்கீகாரம், அது தனி. சார்ட்டர் போனாலும் அங்கீகாரம் இருக்கலாம், அங்கீகாரம் போனாலும் சார்ட்டர் இருக்கலாம். ரெண்டும் போனாலும் கடன் மட்டும் ஹவுஸ் கார்ப்பரேஷன் தலைமேல நிற்கும்.

எனக்கு இந்த வரலாற்றுல ரொம்பப் பிடிச்ச இடம் கார்னெல் யூனிவர்சிட்டி. 1906 டிசம்பர் 4, இத்தாக்கா. ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை ஆரம்பிக்கிறாங்க. 1904-05ல அங்க படிச்ச கறுப்பினப் பசங்க திரும்பி வராமலே போயிருந்தாங்க. தனிமை, பணம், தங்க இடம், எல்லாமே பிரச்சினை. முதல்ல சும்மா படிப்பு வட்டமாத்தான் கூடினாங்க. அவங்கள்ல சிலர் வெள்ளைக்காரப் பசங்களோட ஃபிரட்டர்னிட்டி வீட்ல வேலை பார்த்தவங்க. பரிமாறிக்கிட்டே அமைப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்தாங்க. படிப்பு வட்டமே போதும்னு ஒரு தரப்பு, முழு ஃபிரட்டர்னிட்டி வேணும்னு ஒரு தரப்பு. ரெண்டாவது தரப்பு ஜெயிச்சுது. அதுக்கப்புறம் அந்த அமைப்பு என்ன பண்ணுச்சுன்னு பாருங்க: 1920கள்ல பள்ளிக்கூடம் போ, காலேஜ் போன்னு பிரச்சாரம், 1930கள்ல ஓட்டுரிமைப் பிரச்சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் உறுப்பினர், மார்ட்டின் லூதர் கிங் உறுப்பினர். வாஷிங்டன்ல 2011ல திறந்த கிங் நினைவிடத்துக்கு முன்முயற்சி எடுத்ததே இவங்கதான். அங்க பட்டம் வாங்கறதோட உறுப்பினர் வேலை முடியாது. பட்டதாரிகளுக்குத் தனி சாப்டர், சாகற வரைக்கும் சந்தா, சாகற வரைக்கும் வேலை. குடிக்கிற வீடுன்னு எழுதினவங்க இதை ஒரு தடவை நின்னு யோசிக்கணும்.

பெண்களைச் சொல்லாம போனா தப்பு. 1867ல இல்லினாய்ஸ் மான்மவுத் கல்லூரியில இன்னைக்குப் பை பீட்டா ஃபைன்னு சொல்றது, 1870ல இந்தியானால கப்பா ஆல்ஃபா தீட்டா. தீட்டா ஆரம்பிச்சவங்க, அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பிச்ச புதுசுல வந்தவங்க. வகுப்புல சக மாணவர்கள் ஒதுக்கி வச்ச நேரம் அது. நம்ம பக்கத்துக்கும் வருது: 1998ல டெக்சாஸ் ஆஸ்டின்ல டெல்டா எப்சிலான் சை, 1999ல லாஸ் ஏஞ்சலஸ் யூசிஎல்ஏல பீட்டா கை தீட்டா, ரெண்டும் தெற்காசிய மாணவர்களை மையமா வச்சது. எங்க ஒரு கூட்டத்துக்கு இடம் கிடைக்கலையோ அங்க ஒரு சங்கம் முளைச்சிருக்கு.

இப்ப கசப்பான பகுதி. ஹேசிங். நம்ம ஊர் ராகிங்னு மொழிபெயர்த்துடாதீங்க. ராகிங், சீனியர் எந்த ஜூனியரையும் பண்றது. ஹேசிங், சேரணும்னு தானா வந்தவனை 'இதைச் செஞ்சாதான் உறுப்பினர்'னு சொல்லிப் பண்றது. 'சரி'ன்னு அவனே தலையாட்டறான், அதனாலதான் புகார் வெளிய வர்றதே இல்ல. 1873லயே கார்னெல்ல மார்டிமர் லெகெட்னு ஒரு பையன், கண்ணைக் கட்டி ராத்திரியில கூட்டிட்டுப் போனப்போ பள்ளத்தாக்குல விழுந்து செத்தான். 1984ல தேசிய அளவுல குடிக்கிற வயசு 21 ஆகறதுக்கு வழி பண்ணினாங்க. பார்ல குடிக்க முடியாத 18, 19 வயசுப் பசங்க தனியார் வீட்டுக்குள்ள போனாங்க. அந்தத் தனியார் வீடு எதுன்னு சொல்லணுமா? 1990ல கறுப்பின அமைப்புகள் சேர்ந்து பழைய 'பிளெட்ஜ்' காலத்தையே, அதாவது புதுசா சேர வர்றவங்க முழு உறுப்பினர் ஆகறதுக்கு முன்னாடி இருக்கிற சோதனைக் காலத்தையே, எடுத்தாங்க. 2014ல சிக்மா ஆல்ஃபா எப்சிலான்ங்கிற ஃபிரட்டர்னிட்டியும் எடுத்துச்சு. 2019 செப்டம்பர்ல இருந்து பல ஃபிரட்டர்னிட்டிகள் சேர்ந்த வட அமெரிக்க இன்டர்ஃபிரட்டர்னிட்டி அமைப்புல இருக்கிற வீடுகள்ல, உரிமம் உள்ள வெளி ஆள் ஊத்தினா ஒழிய, 15 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கிற சரக்கு கூடாது. விதி நல்ல விதி. எடுத்ததெல்லாம் நின்னுடலை, சில இடத்துல ரகசியமா தொடர்ந்துச்சு.

இப்ப என் சந்தோஷமும் கோபமும் ஒரே விஷயம். 2024 டிசம்பர்ல ஸ்டாப் கேம்பஸ் ஹேசிங் சட்டம் கையெழுத்தாச்சு. ஒரு அமைப்பு ஹேசிங் விதியை மீறினதா முடிவாச்சுன்னா, யூனிவர்சிட்டி அதைத் தன் இணையதளத்துல எல்லாருக்கும் தெரியற இடத்துல போடணும்: அமைப்போட பேர், என்ன நடந்துச்சு, மது அல்லது போதைப்பொருள் உண்டா, என்ன தண்டனை, சம்பவத் தேதி, விசாரணை ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, அமைப்புக்குத் தகவல் சொன்ன தேதி. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது புதுப்பிக்கணும். அருமை! ஆனா ஒரு யூனிவர்சிட்டி, பேர் வேண்டாம், என்ன பண்ணியிருக்கு தெரியுமா? காகிதத்துல அடிச்சு, அதை ஸ்கேன் பண்ணி, படமா ஏத்தியிருக்கு. தேட முடியாது. காப்பி பண்ண முடியாது. போன்ல பெருசாக்கினா எழுத்து உடையுது. பக்கம் கோணலா வேற இருக்கு. கம்ப்யூட்டர்ல தட்டச்சு பண்ணினதை எதுக்கு பிரின்ட் எடுத்து ஸ்கேன் பண்ணணும்? யாராவது விளக்கம் குடுங்க. தேதி வரிசையும் இல்ல, அமைப்பு வரிசையும் இல்ல. பிள்ளையை அனுப்பப் போற அப்பா அம்மா இதை வச்சு என்ன பண்ணுவாங்க?

இன்னொரு ஓட்டையும் இருக்கு. இந்தப் பட்டியல்ல வர்றது யூனிவர்சிட்டி நிறுவின அல்லது அங்கீகரிச்ச அமைப்புகள்தான். அங்கீகாரம் போன சாப்டர், அதே பசங்க, அதே தெருவுல வேற வீடு எடுத்து நடத்தினா இதுல வராது. அதனால ஒரு பேர் பட்டியல்ல இல்லைங்கிறது மட்டும் சான்றிதழ் இல்ல. அங்கீகரிச்ச அமைப்புகளோட பட்டியல் தனியா இருக்கும், அதுல பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க.

கடைசியா அந்த வாடகைக் கேள்வி. கம்மியான்னா, சில இடத்துல அறையும் சாப்பாடும் சேர்த்து ஹாஸ்டலை விடக் கம்மிதான். ஆனா வாடகையை மட்டும் பார்க்காதீங்க. சேர அழைப்பு குடுத்தாங்கன்னா ஒத்துக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல கேளுங்க: சாப்டர் சந்தா செமஸ்டருக்கு எவ்வளவு, தேசியச் சந்தா எவ்வளவு, இன்ஷூரன்ஸ் பங்கு எவ்வளவு, ஒரு தடவை மட்டும் கட்டற சேர்க்கைக் கட்டணமும் பேட்ஜும் எவ்வளவு. அப்புறம் வீட்ல கட்டாயமா தங்கணும்னு ஒப்பந்தம் இருக்கா, எத்தனை செமஸ்டர்? இதுலதான் நிறையப் பேர் மாட்டறாங்க. நடுவுல உறுப்பினர் வேண்டாம்னு விலகினாலும் வாடகை ஒப்பந்தம் தனியா ஓடிக்கிட்டே இருக்கும், ஏன்னா கையெழுத்து வாங்கினது ஹவுஸ் கார்ப்பரேஷன், சாப்டர் இல்ல. சாப்டரை மூடினா அந்த ஒப்பந்தம் என்ன ஆகும்ங்கிற வரியைத் தேடிப் படிங்க. அந்த வரி இல்லைன்னா எழுதித் தரச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. சொரோரிட்டி ஆள்சேர்ப்பு முறை முழுக்க வேற மாதிரி, அது அடுத்த வீடியோவுல.