நிறம் வந்தால் போதுமா? திசுவேதியியல் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "ஹிஸ்டோகெமிஸ்ட்ரியில் (திசுச் சீவலில் நிறம் வரவைத்து, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் திசுவேதியியலில்) கல்லீரல் செல் மெஜந்தா நிறமானதும் அதில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது என்கிறார்கள். வெறும் நிறத்தை வைத்து அப்படி எப்படிச் சொல்ல முடியும்? அதற்குத் திசுவை அரைத்து ரசாயனப் பரிசோதனை செய்துவிடலாமே?"

நல்ல கேள்வி. இரண்டாவது பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். அரைத்தால் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், எங்கே இருந்தது என்பது போய்விடும். சிறுநீரகத்தை அரைத்தால் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இருப்பது தெரிந்துவிடும். ஆனால் அந்த நொதி முக்கியமாக அண்மைச் சுருள் நுண்குழல் என்ற சிறுநீரகக் குழாய்ப் பகுதியில், அதுவும் செல்லின் உள்விளிம்பில் தூரிகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் குவிந்திருக்கிறது. அதை ஸ்லைடில்தான் பார்க்க முடியும்.

சரி, நிறத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் மெஜந்தா, பி.ஏ.எஸ். (பெரியாடிக் அமிலம்-ஷிஃப்) முறையில் வருவது. இதில் இரண்டு படி. பெரியாடிக் அமிலம், சர்க்கரைச் சங்கிலியில் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டிலும் ஹைட்ராக்சில் இருந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள பிணைப்பை அறுத்துவிடும். அறுபட்ட முனைகளில் ஆல்டிஹைடு உண்டாகும். அதன் மேல் ஷிஃப் கரைசலை விடுகிறோம். அது ஃபுக்சின் சாயத்தைச் சல்ஃபர் டை ஆக்சைடால் நிறமிழக்கச் செய்த கரைசல். ஆல்டிஹைடோடு சேர்ந்தால்தான் அதற்கு நிறம் வரும்.

ஆக, அந்த நிறம் சொல்வது 'இங்கே ஆல்டிஹைடு இருக்கிறது' என்பதை மட்டும்தான். கிளைக்கோஜன் என்று அது சொல்லவே இல்லை! குடல் செல்களின் சளிப்பொருளும் இதே நிறமாகும், அடித்தளச் சவ்வும் ஆகும், பூஞ்சையின் செல்சுவரும் ஆகும். உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது.

அப்புறம் எப்படிக் கிளைக்கோஜன் என்று சொல்கிறோம்? ஒரே திசுவில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு சீவல்களை எடுக்க வேண்டும். இரண்டாவதை மட்டும் முன்கூட்டியே டயஸ்டேஸ் என்ற நொதியின் கரைசலில் வைக்க வேண்டும். அந்த நொதி கிளைக்கோஜனை உடைத்துக் கரைத்துவிடும், சளிப்பொருளைத் தொடாது. (இதற்கு எச்சிலையே பயன்படுத்தியவர்கள் உண்டு. அதில் இருக்கும் அமைலேஸும் இதே வேலையைத்தான் செய்கிறது.) பிறகு இரண்டுக்கும் பி.ஏ.எஸ். செய்யுங்கள். முதல் சீவலில் இருக்கும் நிறம் இரண்டாவதில் காணாமல் போயிருந்தால், போனது கிளைக்கோஜன். அந்த இரண்டாவது ஸ்லைடு இல்லாமல் கிளைக்கோஜன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு சீவல் வைத்துக்கொள்வதும் நல்லது. அதில் பெரியாடிக் அமிலத்தை விட்டுவிட்டு நேராக ஷிஃப் கரைசலைப் போடுங்கள். நிறம் வரக்கூடாது. வந்தால், அந்த ஆல்டிஹைடு ஏற்கனவே அங்கே இருந்தது என்று அர்த்தம். திசுவைப் பதப்படுத்தக் குளூட்டரால்டிஹைடு பயன்படுத்தியிருந்தால் இப்படி நடக்கும்.

இதே ஷிஃப் கரைசலை வைத்து டி.என்.ஏ.வையும் பார்க்கலாம். 1924-ல் ஃபியூல்கன் கொண்டுவந்த முறை அது. பெரியாடிக் அமிலத்துக்குப் பதிலாக, சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது டி.என்.ஏ.விலிருந்து பியூரின் காரங்களைக் கழற்றிவிடும், அந்த இடத்துச் சர்க்கரையில் ஆல்டிஹைடு வெளிப்படும். ஆர்.என்.ஏ.வில் இது நடக்காது. இதில் இன்னொரு வசதி, முறையாகச் செய்தால் ஒட்டும் சாயம் டி.என்.ஏ. அளவுக்கு ஏற்றபடி இருக்கும். ஒளியளவு கருவி வைத்து ஒவ்வொரு உட்கருவையும் தனித்தனியாக அளக்கலாம். கல்லீரலில் சில செல்களின் உட்கருவில் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு, நான்கு மடங்கு டி.என்.ஏ. இருக்கும். அரைத்தால் சராசரிதான் கிடைத்திருக்கும். பி.ஏ.எஸ். நிறத்தை மட்டும் இந்த மாதிரி கண்ணால் மட்டிட்டு 'இரண்டு மடங்கு கிளைக்கோஜன்' என்று எழுதாதீர்கள். சீவல் கொஞ்சம் தடித்துப் போனாலே நிறம் அடர்ந்துவிடும்.

நிறம் வராவிட்டால் அந்தப் பொருள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1867-ல் வந்த பெர்ல்ஸ் முறையில் இரும்பு நீலமாகத் தெரியும். ஆனால் இரும்பை நிறையச் சுமக்கும் சிவப்பணு நீலமாகாது. ஹீமோகுளோபினுக்குள் இரும்பு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், அந்தக் கரைசலுக்குச் சிக்குவதில்லை. சேமிப்பு இரும்பான ஹீமோசிடரின்தான் நீலமாகும். கொழுப்பின் கதை வேறு. சீவல் வெட்டுவதற்காகத் திசுவைப் பாரஃபின் மெழுகில் பதிக்கும்போது பயன்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், பிறகு எதைத் தேடுவது? அதனால் உறைய வைத்து வெட்டிய சீவலில்தான் சூடான் சாயமோ ஆயில் ரெட் ஓவோ போடுகிறோம். அங்கே ரசாயன வினையும் பெரிதாக இல்லை. சாயம் கொழுப்பில் கரைந்து தங்குகிறது, அவ்வளவுதான்.

நொதிகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். 1939-ல் கோமோரியும் டக்கமட்சுவும் தனித்தனியாக ஆல்கலைன் பாஸ்படேஸுக்கு வழி கண்டார்கள். நொதி தன் வினைப்பொருளிலிருந்து (அது வேலை செய்வதற்காக நாம் கரைசலில் சேர்க்கும் பொருளிலிருந்து) பாஸ்பேட்டைப் பிரிக்கும். கரைசலில் இருக்கும் கால்சியம் அதை அங்கேயே பிடித்துப் படியவைக்கும். படிந்ததைக் கோபால்ட் பாஸ்பேட்டாக மாற்றி, கடைசியில் கறுப்பான கோபால்ட் சல்ஃபைடு ஆக்குவார்கள். நாம் பார்ப்பது நொதியை அல்ல, அது வேலை செய்த தடயத்தை. அதனால் நொதியின் வினைப்பொருள் சேர்க்காத ஒரு ஸ்லைடும் கூடவே ஓட வேண்டும். அதுவும் கறுத்துப் போனால், அநேகமாகத் திசுவில் முன்பே படிந்திருந்த கால்சியம்தான் அங்கே தெரிகிறது.