சீண்டினால் சிந்தும் சில்லுகள்

நேயர்களுக்கு வணக்கம். போக்கர் மேசையில் பெருமை பேசுபவரைச் சீண்டிப் பணம் பார்ப்பது பற்றி இன்று பேசுவோம்.

2008ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து ஆடும் போக்கர் போட்டி ஒன்றை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. முதல் சுற்றில் ஒரு நாற்காலியில் ஃபில் ஹெல்முத், பெருமை பேசுவதற்குப் பேர்போன ஆட்டக்காரர். எதிர் நாற்காலியில் டாம் டுவான், வயது 21, இணையத்தில் ஆடிப் பேர் வாங்கியவர். ஹெல்முத் கையில் இரண்டு ஏஸ், டுவான் கையில் இரண்டு பத்து. பணத்துக்குப் பதிலாக வைக்கும் சில்லுகள் எல்லாம் நடுவே போய்விட்டன. வெளியே இருக்கும் 48 சீட்டுகளில் பத்து என்று பார்த்தால் இரண்டுதான். மேசையில் விரியும், இருவரும் தம் கையோடு சேர்த்துக்கொள்ளும் ஐந்து பொதுச்சீட்டுகளில் அவற்றில் ஒன்றாவது வந்து மூன்று பத்தாக நூற்றுக்கு ஏறத்தாழ 20 வாய்ப்பு. அந்த 20 அன்று பலித்தது. ஹெல்முத் வெளியேறினார். போகும்போது, அவ்வளவு பணத்தைப் பத்துச் சோடியை நம்பிப் போட்டதற்காக டுவானுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். டுவான் பதிலுக்குக் கத்தவில்லை. எவ்வளவு தொகைக்கு வேண்டுமானாலும் மறுபடி ஆடத் தயார் என்ற ஒரே ஒரு பதில்தான் அவரிடமிருந்து வந்தது.

சீண்டல் என்றால் இப்படி இருக்க வேண்டும். சுருக்கமாக இருந்தது, குரல் உயரவில்லை, சொன்னவர் தன் பணத்தையும் பணயம் வைத்தார்.

ஹெல்முத்தின் பெருமைப் பேச்சுக்கு அடியில் சரக்கு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1989இல், தமது 24ஆம் வயதில், ஆண்டுதோறும் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியை வென்றார். அன்று அவர் வீழ்த்திய ஜானி சான் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றவர். மிக இளம் வயதில் வென்றவர் என்ற சாதனை 19 ஆண்டுகள் ஹெல்முத்திடமே இருந்தது. உலகத் தொடரில் வெல்பவருக்குத் தங்கக் காப்பு தருவார்கள். 2023இல் 17ஆவது காப்பை அவர் வாங்கினார். வேறு எவரிடமும் அத்தனை கிடையாது. அதிர்ஷ்டம் என்ற ஒன்று இல்லாவிட்டால் எல்லாப் போட்டியும் தமக்கே என்று அவர் கேமரா முன்னால் சொன்னதுண்டு. அப்படி ஒருவர் மேசையில் இருந்தால் மற்றவர்கள் வாயைக் கிளறாமல் இருப்பார்களா?

இந்தப் பேச்சை வீடுகளுக்குள் கொண்டு வந்தது கேமரா. முன்பு, ஆடுபவர் கையில் என்ன சீட்டு என்று பார்வையாளருக்குத் தெரியாது. போக்கரைத் தொலைக்காட்சியில் பார்ப்பது சுவரைப் பார்ப்பது போல. நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பி அமெரிக்கா வந்து பொம்மைத் தொழிலில் வளர்ந்த ஹென்றி ஓரன்ஸ்டைன், கைச்சீட்டைக் காட்டும் கேமரா ஏற்பாட்டுக்கு 1995இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் 1999இல் ஒரு நிகழ்ச்சி, மேசை விளிம்பில் கண்ணாடி பதித்து அடியிலிருந்து சீட்டைக் காட்டியது. இன்று சீட்டுக்குள்ளேயே மெல்லிய மின்னணுச் சில்லு இருக்கிறது. மேசைத் துணிக்கு அடியில் உள்ள கருவி அதைப் படித்துவிடும். இதனால் பெருமை பேசுபவரின் நிலைமை மாறியது. "நீ என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்" என்று அவர் சொல்லும்போதே, சொன்னது தப்பா சரியா என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளிபரப்பான பிறகு எதிராளிகளும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த முறை சீண்டுவதற்கான தீனி அங்கேயே கிடைத்துவிடும்.

சீண்டலால் பணம் எப்படி வருகிறது? பெருமைக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல சீட்டை மடக்கி அந்த ஆட்டத்திலிருந்து விலகும்போது, "பாருங்கள், இதையே விட்டுக்கொடுக்கிறேன்" என்று திருப்பிக் காட்டுவார். தமது கூர்மையைக் காட்டுவதாக நினைப்பு. உண்மையில், இவ்வளவு நல்ல சீட்டையும் பெரிய பந்தயத்துக்குப் பயந்து விட்டுவிடுவேன் என்று மேசை முழுவதற்கும் இலவசமாகச் சொல்லிவிடுகிறார். நடுவில் 12,000 டாலர் இருக்கிறது, ஒன்றுமில்லாத கையோடு ஒருவர் 8,000 டாலர் போட்டு மிரட்டுகிறார் என்று வையுங்கள். பத்துக்கு நான்கு முறை எதிராளி மடக்கினாலே மிரட்டியவருக்கு நட்டமில்லை. பத்துக்கு ஐந்து முறை மடக்குவார் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு மிரட்டலுக்கும் சராசரியாக 2,000 டாலர் மிச்சம். "அண்ணா, என்ன வைத்திருந்தீர்கள், காட்டுங்களேன்" என்ற கேலிக்குப் பின்னால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வழி, ஆளைக் கோபத்தில் நிதானம் இழக்கச் செய்வது. ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்பார்கள். பெரிய தொகையை இழந்த உடனே, டீலர் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கும் அந்த இடைவெளியில் ஒரு வார்த்தை விழ வேண்டும். சீட்டு கைக்கு வந்த பிறகு பேசினால் அவர் கவனம் சீட்டுக்குப் போய்விடும், பேச்சு வீண். வேலை செய்ததா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில்லுகளைப் பார்க்க வேண்டும். ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை உள்ளே வந்தவர் மூன்றுக்கு ஒரு முறை வருகிறார், யோசிக்காமல் உடனே காசைப் போடுகிறார், கட்டாயப் பந்தயமாகப் போட்ட சிறு தொகையைக்கூட விடாமல் காக்கப் பார்க்கிறார். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஆள் நிதானத்தில் இல்லை. அதன்பிறகு அவரை மிரட்டக் கூடாது, ஏனென்றால் மடக்கவே மாட்டார். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து பெரிதாகப் போட வேண்டும். சீண்டத் தெரிந்த பலர் தோற்பது இங்கேதான்: கேலி பலித்த மகிழ்ச்சியில் மிரட்டலையும் தொடர்வார்கள்.

ஏழும் இரண்டும், அதுவும் வேறு வேறு இனம் என்றால், ஹோல்டெம் என்ற இந்த வகைப் போக்கரில் அதுவே மிக மோசமான கை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை வைத்து வெல்பவருக்கு மற்ற எல்லோரும் ஒரு தொகை தர வேண்டும் என்று சில நிகழ்ச்சிகளில் பேசி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கையைக் காட்டி ஒரு பெருமைக்காரரின் பணத்தை அள்ளுவதைவிடக் கூர்மையான சீண்டலை நான் அறியேன்.

எல்லை எங்கே? தோற்றுக்கொண்டிருக்கும் கற்றுக்குட்டியை ஏளனம் செய்வது தொழிலிலும் தப்பு, மனிதத் தன்மையிலும் தப்பு. அவர் எழுந்து போய்விட்டால் மேசையே செத்துவிடும்; போகாவிட்டால் திருத்திக்கொண்டு நன்றாக ஆடுவார். ஹெல்முத் அடிக்கடி இடறியது இந்த இடத்தில். 2008 உலகத் தொடரில், பத்தும் நாலும் வைத்துத் தம்மை வென்ற ஒருவரைத் திட்டித் தீர்த்ததற்காக ஒரு சுற்று வெளியே உட்காரும்படி தண்டனை விதித்தார்கள். பிறகு அது ரத்தானது. ரத்து செய்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீண்டல் சமமானவர்களுக்குள் நடக்க வேண்டியது.

டுவான் விடுத்த சவாலுக்கு 13 ஆண்டுகள் கழித்து மேசை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் போக்கர்கோ என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனம் காட்டிய இருவர் ஆட்டத்தில் டுவான் வென்றார். 2022 ஜனவரியில், ஆளுக்கு 2,00,000 டாலர் வைத்து மறுபடி அமர்ந்தார்கள். அந்த 4,00,000 டாலரும் ஹெல்முத்துக்குப் போனது.