வண்டலில் படிந்த மகரந்தம்: காவிரிப் படுகையின் பழைய நிலத்தைக் கண்டறிதல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போடும்போது அருகில் நின்று பார்த்தவர்கள், வண்டலுக்கும் ஆற்றுமணலுக்கும் கீழே சில இடங்களில் சிப்பி கலந்த கருங்களி மேலே வருவதைக் கண்டிருப்பீர்கள். அது பழைய கடலோரத்தின் சேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகியதால் உயர்ந்த அந்த மட்டம், 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் வேகம் தணிந்த பிறகே, உலகின் பெரும்பாலான கழிமுகங்கள் கடலை நோக்கி வளரத் தொடங்கின. வேதாரண்யம் பகுதியில் வரிசையாகக் கிடக்கும் மணல்மேடுகள், அவ்வாறு பின்வாங்கிய பழைய கடற்கரைகளின் தடங்களே.

அந்தக் கரையோரத்தில் என்ன வளர்ந்திருந்தது என்பதை மகரந்தத் தூள் காட்டும். அதன் புறவுறை அமிலத்திலும் எளிதில் கரையாது என்பதால், களிமண்ணின் சுண்ணாம்பையும் சிலிக்காவையும் அமிலங்களால் நீக்கிவிட்டு, எஞ்சியதை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த உறைக்குக் காற்று ஆகாது. ஆண்டுதோறும் நீர் கட்டியும் காய்ந்தும் வரும் நெல்வயலில் அது சிதைந்துவிடும். ஆகவே தஞ்சையின் நடுவயலைக் காட்டிலும், எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கும் பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேறுகளே நம்பத்தக்கவை. அங்கும் எண்ணிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை. அலையாத்தி மரங்களில் சுரபுன்னை ஏராளமாகத் தூள் சொரியும். பூச்சிகளை நம்பியிருக்கும் வெண்கண்டல், காடாகவே நின்றிருந்தாலும் சேற்றில் குறைவாகத்தான் தென்படும். போதாக்குறைக்கு, மலைக்காட்டு மரங்களின் தூளையும் காவிரி சுமந்துவந்து சேர்த்துவிடுகிறது.

மனிதக் குடியிருப்பை அறிவது இன்னும் கடினம். புல்லின மகரந்தம் மிகுந்ததைக் கண்டவுடன் நெற்பயிர் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டுவது, என் கருத்தில், அவசரம்; பயிர்நெல்லின் தூளைக் காட்டுப்புற்களின் தூளிலிருந்து பிரித்தறிவது அரிது. நெல்லின் உமியிலும் இலையிலும் உருவாகும் சிலிக்கா நுண்துகள்களும், கரித்துகள் பெருக்கமும், மரமகரந்தக் குறைவும் ஒரே அடுக்கில் கூடினால்தான் அந்த வாதம் நிற்கும். மேலடுக்குகளில் நமக்கு ஒரு நல்ல வசதி உண்டு: சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பரவலாக நடப்பட்ட மரம் என்பதால், அதன் தூள் மிகுந்திருக்கும் சேற்றுக்கு அதற்கு முந்தைய வயதைச் சொல்ல முடியாது. ஆழத்தில் உள்ள அடுக்குகளுக்கு கதிரியக்கக் கரிமம் உதவும்; மரம் போன்ற உயிர்ப்பொருளில் உள்ள அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், எஞ்சியதை அளந்து வயதைக் கணிக்கலாம். ஆனால் வெள்ளம் வேறிடத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்த பழைய மரத்துண்டு, தான் கிடக்கும் அடுக்கின் வயதைக் கூட்டிக் காட்டும். மணலாக இருந்தால், மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறையால் கணிப்பதே மேல்.

பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் படகுத்துறையும் மரக்கம்பங்களும், இன்று படகு அணைய வழியில்லாத நிலத்தில் இருக்கின்றன. அத்துறைக்கு நீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது, அது எப்போது தூர்ந்தது என்பதை அறிய, கட்டடத்தைத் தோண்டினால் போதாது. அதைச் சுற்றியுள்ள வயல்களில் குறுக்காக வரிசையாகக் குழாய் இறக்கி, மண்ணடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும்.