பூட்டிய அலமாரியிலிருந்து உலக உருண்டையை வெளியே எடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த நூலகர் ஐயா அவர்களே, காலையிலிருந்து தொண்டை வறள வினாடி வினா நடத்திய ஆசிரியர்களே, வென்ற பிள்ளைகளே, தோற்ற பிறகும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குத் தனி வணக்கம்.

புவியியல், வரலாறு, அறிவியல், விளையாட்டு நான்கையும் தொட்டுப் பேசுகிறேன். எங்கே பேசினாலும் நான் சொல்லும் பழமொழியை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

உலகின் மிகப் பெரிய தீவு எது என்று காலையில் கேட்டார்கள். கிரீன்லாந்து என்று பட்டென்று பதில் வந்தது. சரி, ஆப்பிரிக்கா அதைப்போல எத்தனை மடங்கு என்று நான் கேட்டேன், அரங்கமே அமைதியாகிவிட்டது. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் தெரியும். 1569-ல் கடலோடிகள் திசை பிடிக்க உதவும்படி வரைந்த முறை அது, துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். உருண்டையில் கிரீன்லாந்தின் மேல் மெல்லிய தாளை வைத்து ஓரம் வரைந்து, வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் வையுங்கள். சகாராவில் கால்வாசிகூட மறையாது. மொத்தக் கண்டம் 14 மடங்கு!

அப்புறம் வரலாறு. 1519-ல் மகெல்லன் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து மேற்கே கிளம்பினார். 1521-ல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கொல்லப்பட்டார். எல்கானோ என்பவர் விக்டோரியா என்ற ஒரே கப்பலைப் பசியும் நோயுமாக ஓட்டிக்கொண்டு வந்தார். 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளில் உணவு வாங்கப் படகு அனுப்பினார்கள். கரையில் என்ன கிழமை என்று கேட்டால், வியாழன் என்கிறார்கள். கப்பலில் அன்றைக்குப் புதன்! பிகாஃபெட்டா என்று ஒருவர் ஒருநாள் விடாமல் குறிப்பு எழுதி வந்தவர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே போனது ஒரு நாள்? நினைத்துப் பாருங்கள், மூன்று வருடம் கடலில் கிடந்து, செத்துப் பிழைத்து வந்தவனிடம் உன் கணக்கு தப்பு என்றால் எப்படி இருக்கும்? ஆனால் அவர் கணக்கு தப்பில்லை. சூரியன் போகும் திக்கிலேயே போய்ப் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியதால், ஊரில் இருந்தவர்களைவிட ஒரு விடியலைக் குறைவாகப் பார்த்திருந்தார்கள். செப்டம்பரில் அந்தக் கப்பல் 18 பேரோடு ஸ்பெயின் போய்ச் சேர்ந்தது.

இதை நான் பாடத்தில் படித்து மனப்பாடம் செய்தேன், புரியவில்லை. உருண்டையைச் சுற்றவிட்டு, எதிரே டார்ச் அடித்து, விரலை மேற்கே நகர்த்திப் பார்த்த அன்றுதான் புரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத்தான் சொல்கிறேன்.

நான் போன ஒரு பள்ளியில் உருண்டை இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உடைந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். உடையட்டுமே ஐயா! பத்துப் பிள்ளைகள் தொட்டு உடைந்தால் அது செலவில்லை, படிப்பு. தலைமையாசிரியை அம்மா அவர்களே, தயவுசெய்து வகுப்புக்கு ஓர் உருண்டை, அதுவும் கைக்கு எட்டும் உயரத்தில்.

மணி அடித்துவிட்டார்கள். விளையாட்டில் ஒன்றே ஒன்று: மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம். மற்றதை இன்னொரு நாள் பேசலாம். என் உருண்டையை மேசையில் வைத்திருக்கிறேன், தாளும் கத்தரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பரிசு வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லோரும் வரிசையாக வாருங்கள்.