லூபஸ் களைப்பா, தைரொயிட் களைப்பா?

[திரை: கல்முனையில் ஒரு வீடு. ஆகஸ்ட் மத்தியானம். யன்னல் சீலை காற்றில் அடிக்கிறது.]

கச்சான் காற்று வீசுகிற காலம். ஊரே வேர்த்து வழிய, ஒரு அக்கா மட்டும் ஃபேனை நிற்பாட்டச் சொல்கிறார், குளிருதாம். சில வருடமாக லூபஸுக்கு மருந்து எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். களைப்பு, முடி கொட்டுதல், மூட்டு உளைவு எல்லாம் அவருக்குப் பழகியவை. "அந்த வருத்தம்தானே" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

லூபஸில் விரல்கள் குளிருக்கு வெளிறலாம், நீலிக்கலாம். இந்த வெயிலில் உடம்பே குளிர் தாங்காமல் போனால், கூடவே மலச்சிக்கலும் நிறை கூடுவதும் சேர்ந்தால், தைரொயிட்டைப் பார்க்க வேண்டும்.

உடம்பின் காவல் படை சொந்த வீட்டையே தாக்குவதுதான் லூபஸ், ஷோக்ரன் (கண்ணும் வாயும் உலரும் வருத்தம்), ருமட்டொயிட் மூட்டுவாதம் எல்லாவற்றிலும் நடப்பது. அதே படை கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையும் தாக்கலாம். 1912இல் இதை விவரித்த ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரே அந்த நோய்க்கும். ஒன்று வந்தவருக்கு மற்றது வரும் வாய்ப்புக் கூட.

[திரை: இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.]

பலர் குழம்புவது இங்கேதான். டீ.எஸ்.எச். என்பது தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹோர்மோன், ஒரு அதட்டல் மாதிரி. தைரொயிட் சோம்பினால் அதட்டல் கூடும். ஆகவே ரிப்போர்ட்டில் அது கூடியிருந்தால், பெரும்பாலும் தைரொயிட் சுரப்பு குறைகிறது என்றே அர்த்தம். லூபஸுக்குத் தரும் ஸ்டெரொயிட்டான பிரெட்னிசொலோன் கூடிய அளவில் எடுத்தால் டீ.எஸ்.எச். இறங்கியும் காட்டலாம், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

"அயடீன் உப்பைக் கூட்டினால் சரிவரும்" என்பார்கள். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள், அது போதும். ஹஷிமோட்டோவில் கூடுதல் அயடீன் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

[திரை: விடியற்காலை. மேசையில் பால் தேத்தண்ணி, பக்கத்தில் இரண்டு குளிசை.]

சரி, குறைந்த தைரொயிட் சுரப்பை ஈடுசெய்யும் குளிசையான தைரொக்சின் எழுதித் தந்துவிட்டார்கள். இந்த மேசையில் ஒரு பிழை இருக்கிறது, கண்டீர்களா? மற்றக் குளிசை கல்சியம். ஸ்டெரொயிட் எடுப்பவர்களுக்கு எலும்புக்காகத் தருவது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்சியம் தைரொக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடலில் சரியாகச் சேராது. இரும்புக் குளிசையும் அப்படித்தான். தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணி அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்து. கல்சியம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.

ஆறு முதல் எட்டுக் கிழமையில் டீ.எஸ்.எச். திரும்பப் பார்ப்பார்கள். அன்றைக்கு லூபஸ், தைரொயிட் இரண்டு கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.