சர்வருக்கு எத்தனை கால்?

நேயர்களுக்கு வணக்கம். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நேரம் முடியப்போகிறது என்றால் கையைத் தூக்கிக் காட்டுவதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தம்பி சொல்லியிருக்கிறார். பேச ஆரம்பித்தால் நான் யார் கையையும் பார்க்க மாட்டேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். பீன்யாவில் லேத் பட்டறை, சிவாஜி நகரில் ஆடிட்டர் அலுவலகம், அல்சூரில் மருந்து மொத்த வியாபாரம். பத்துப் பேர் அல்லது இருபது பேர் வேலை பார்க்கும் இடங்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது: "மேடம், சர்வர் வாங்கச் சொன்னீர்கள். கடைக்காரர் எசென்ஷியல்ஸா, ஸ்டாண்டர்டா, டேட்டாசென்டரா என்று கேட்கிறார். எல்லாம் ஒரே விண்டோஸ்தானே, எதற்கு மூன்று விலை?"

நியாயமான கேள்வி. சர்வர் என்றால் வீட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப்போல. கணக்கு, பில், வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். மேசைக்கு மேசை குழாய் வைத்து எடுத்துக்கொள்கிறோம். தொட்டி ஒன்றுதான் என்றால் விலை ஏன் மாற வேண்டும்? இதற்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பாதி பதில் தெரியும். அதில் சில்வர் பதிப்பு என்றால் ஒருவர் மட்டும் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். கோல்டு என்றால் அலுவலக நெட்வொர்க்கில் எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுதலாம். பற்று வரவு இரண்டிலும் ஒன்றுதான். பணம் கொடுப்பது எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு. சர்வர் பதிப்புகளும் பெரும்பாலும் அப்படித்தான். எதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், எது எந்த இடத்தில் நிற்கும் என்று கேளுங்கள். இதை நான் இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? சில சமயம் அது உண்மையாகவே நின்றுவிடும். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பீன்யாவில் ஒரு பட்டறை. இயந்திர உதிரிபாகம் செய்கிறார்கள். முதலாளி கோவைப் பக்கத்துக்காரர், என் அப்பா வயது. ஆயுத பூஜைக்குப் புதிதாக ஒரு சர்வர் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வேலையைத் தொடங்கினார். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் முதல் வாரம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், சர்வர் தானாக அணைய ஆரம்பித்தது. ஆன் செய்தால் ஓடும், மறுபடி அணையும்.

மின்சாரம்தான் காரணம் என்று யுபிஎஸ் பேட்டரிகளை மாற்றினார்கள். எர்த் சரியில்லை என்று ஓர் எலெக்ட்ரீஷியன் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டினார். பிறகு வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, சூடாகும் பொருள் அக்கினி மூலையில் இருக்க வேண்டும் என்று சர்வரைத் தென்கிழக்குக்கு இடம் மாற்றினார். மாற்றியபோது அதன் மானிட்டரைக் கழற்றிப் பில் போடும் மேசைக்குக் கொடுத்துவிட்டார்கள். சர்வருக்கு முகமே இல்லாமல் போய்விட்டது. அக்கினி மூலையிலும் அது அணைந்தது.

நான் போனபோது கணக்கு எழுதும் பெண் ஒரு டெலிவரி சலானைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பென்சிலால் அணைந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தாள். 10.12, 11.17, 12.21, 1.26. இப்படி இரண்டு நாள் கணக்கு. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கத்தை மூடும்வரை எங்கள் ஊரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதும். மணி தவறாமல் ஒன்று நடந்தால் எங்கேயோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மின்சாரம் இப்படி மணி பார்த்துப் போகுமா? அதே யுபிஎஸ்ஸில் இருந்த மற்ற நான்கு கணினிகள் ஒருமுறைகூட அணையவில்லை என்பதை ஏனோ யாரும் கவனிக்கவில்லை. சர்வர் அறுபது நிமிடம் ஓடுகிறது, அணைகிறது. யாராவது கவனித்து மறுபடி எழுப்ப நான்கைந்து நிமிடம். சலானில் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

மானிட்டரைத் திரும்ப மாட்டினோம். திரையின் வலதுபக்கக் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: இது பரிசோதனைப் பதிப்பு, காலம் முடிந்துவிட்டது. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் நிகழ்வுப் பதிவேட்டிலும் மணிக்கு மணி அதே வரி, உரிமக் காலம் தீர்ந்ததால் நிறுத்தப்படுகிறது என்று. விண்டோஸ் சர்வரை வாங்கும் முன் பழகிப் பார்க்க இலவசமாக ஒரு பதிப்பு தருகிறார்கள். 180 நாள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். அதற்குப் பிறகு மணிக்கொரு முறை தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அக்டோபரில் பொட்டு வைத்ததற்கு ஏப்ரலில் 180 நாள் சரியாக வந்திருக்கிறது. விற்ற கடைக்காரர் இலவசப் பதிப்பைப் போட்டுவிட்டு முழுப் பணத்தையும் வாங்கியிருக்கிறார். பில்லில் "சர்வர் சாஃப்ட்வேர் - 1" என்று மட்டும் இருந்தது. என்ன பதிப்பு, எந்த ஆண்டு, எத்தனை உரிமம், ஒன்றும் இல்லை. அவருடைய கைப்பேசி எண்ணும் உபயோகத்தில் இல்லை.

"சரி, இப்போது பணம் கட்டினால் சரியாகிவிடுமா?" என்றார் பெரியவர். சாதாரணமாக ஆகும், ஒரு கட்டளை, ஒரு சாவி எண், பரிசோதனைப் பதிப்பு முழுப் பதிப்பாகிவிடும். ஆனால் இந்தச் சர்வர்தான் அந்த அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலர். அதாவது யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் கோப்பு என்ற பதிவேட்டை வைத்திருக்கும் கணினி. அந்தப் பொறுப்பில் இருக்கும் சர்வரை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. தவணையைத் தள்ளிப்போடும் ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டோம். முறையாக உரிமம் வாங்கிய இன்னொரு கணினியை நிறுத்தி, பதிவேட்டைப் பிரதி எடுத்து, பொறுப்பை மாற்றி, பழையதை இறக்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. பெரியவர் வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. வாஸ்துக்காரருக்குக் கொடுத்ததில் பாதிதான் எனக்குக் கொடுத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அன்றைக்கு முறைப்படி வாங்கியது ஸ்டாண்டர்டு பதிப்பு. அதற்கான விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்த உரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். "சர்வர் ஒன்று, கால் இருபது என்று போட்டிருக்கிறதே, சர்வருக்கு எதற்கம்மா இருபது கால்?"

ஆங்கிலத்தில் CAL என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் அது. சர்வரை அணுகுவதற்கான உரிமம் என்று பொருள். எங்கள் தொழிலில் எல்லோரும் கால் என்றே சொல்வோம். ஸ்டாண்டர்டும் டேட்டாசென்டரும் கால் இல்லாமல் நடக்காதவை. சர்வருக்கு ஒரு விலை, அதைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனி விலை. கடையில் முதல் விலையை மட்டும் சொல்வார்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு கால் ஞாபகம் வரும்.

இந்தக் காலில் இரண்டு வகை. ஒன்று ஆளுக்கு, இன்னொன்று கருவிக்கு. என் அப்பாவிடம் பித்தளை டோக்கன் ஒன்று இருந்தது, எண் பொறித்தது. எந்தக் குழியில் இறங்கினாலும் அந்த டோக்கன் அவருடையது. ஆளுக்கான கால் அப்படி: ஒருவர் அலுவலகக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி என்று மூன்றிலிருந்து வந்தாலும் ஒரே கால். கருவிக்கான கால் சலூன் நாற்காலியைப்போல. நாற்காலி இரண்டு என்றால் இரண்டு. நாளைக்கு ஐம்பது தலை வந்து போனாலும் கணக்கு இரண்டுதான். ஒரு பட்டறையில் மூன்று ஷிஃப்ட், அறுபது தொழிலாளர், ஆறு கணினி என்றால் கருவிக்கு ஆறு கால் போதும். ஆளுக்கு வாங்கினால் அறுபது. ஆடிட்டர் அலுவலகத்தில் நேர்மாறு. ஆள் எட்டு, கருவி இருபத்து நான்கு. எல்லாரும் "அட்மின்" என்ற ஒரே பெயரில் உள்ளே போகிறோம், ஆகவே ஒரே ஆள்தானே என்று ஒரு ஆடிட்டரே என்னிடம் வாதாடினார். எண்ணுவது மனிதர்களை, பெயர்களை அல்ல. ஆடிட்டருக்கு இதை நான் சொல்லவேண்டியிருந்தது.

சர்வருக்குள் நேரே நுழைந்து வேலை செய்யும் வழக்கமும் இங்கே அதிகம். ஓசூர்க் கிளையில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பெங்களூர் சர்வரில் டேலியைத் திறப்பார். பராமரிப்புக்காக இருவர் வரை அப்படி நுழையலாம். அன்றாட வேலைக்கு வருகிறவர்களுக்கு இதற்கென்றே இன்னொரு வகைக் கால் தனியாக வாங்க வேண்டும். வாங்காவிட்டால் 120 நாள் சலுகை. 121ஆம் நாள் ஓசூரிலிருந்து போன் வரும்.

இனி எசென்ஷியல்ஸ். சிறிய அலுவலகங்களுக்கென்றே வந்தது. இதற்குக் கால் வேண்டாம். 25 பேர், 50 கருவிகள்வரை உள்ளேயே அடக்கம். 26ஆவது ஆள் சேர்ந்தால் ஸ்டாண்டர்டுக்கு மாற வேண்டும். மாறினால் அந்த 26 பேருக்கும் கால் வாங்க வேண்டும். ஒரே ஆளால் செலவு எங்கோ போய்விடும். அதனால்தான் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்கச் சொல்கிறேன். பதினெட்டுப் பேர் இருக்கும் அலுவலகம் மூன்று ஆண்டில் முப்பதாகும் என்று முதலாளிக்கு நம்பிக்கை இருந்தால் அதை என்னிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஜோசியரிடம் சொல்கிறார்கள், என்னிடம் சொல்வதில்லை.

எசென்ஷியல்ஸுக்கு ஒரு பாட்டி உண்டு. ஸ்மால் பிசினஸ் சர்வர் என்று பெயர். 1997இல் முதல் பதிப்பு வந்தது. மின்னஞ்சல், கோப்பு, ஃபேக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில், சாப்பாட்டு இலையில் பதினெட்டு வகை பரிமாறியதுபோல. முதலில் 25 பேர் எல்லை, பிறகு 50, 2003இல் 75. அதைப் பற்றி இன்றும் உலவும் ஒரு தவறான பேச்சு, அது இருக்கும் அலுவலகத்தில் வேறு சர்வரே இருக்கக் கூடாது என்பது. அப்படி இல்லை. கூட்டுக்குடும்பத்தில் எத்தனை மருமகள்கள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்து சாவிகளும் மாமியார் இடுப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டொமைனில், அதாவது ஒரே பதிவேட்டுக்குக் கட்டுப்பட்ட அலுவலகக் கணினிகளின் கூட்டத்தில், ஐந்து தலைமைப் பொறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று வேறு கணினிக்குப் போனாலும் அது கோபித்துக்கொண்டு நின்றுவிடும். இன்னொரு மாமியாரும், அதாவது இன்னொரு ஸ்மால் பிசினஸ் சர்வரும், கூடாது. 2011 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு எசென்ஷியல்ஸ் வந்தபோது மின்னஞ்சல் உள்ளே இல்லை. மாதச் சந்தாவில் வெளியே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இன்னொரு ஏமாற்றம். பழைய எசென்ஷியல்ஸில் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பார்க்கலாம். அலுவலகக் கணினிகளை இரவில் அதுவே காப்புப் பிரதி எடுக்கும். 2019 பதிப்பில் இவை போய்விட்டன. பெயர்ப்பலகை மாறவில்லை, சமையலறையை மூடிவிட்டார்கள். 2022 பதிப்பைத் தனியாகக் கடையில் வாங்கவும் முடியாது. புதிய கணினியோடு சேர்ந்துதான் வரும், அதிலும் ஒரே பிராசஸர், அதற்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் பத்துக்கு மேல் கூடாது. கணினியோடு வரும் உரிமம் அந்தக் கணினியோடு போகும். 

தம்பி கை தூக்கிவிட்டார். டேட்டாசென்டருக்கு நான் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டிக்குள் பல மாய சர்வர்களை, அதாவது மென்பொருளாலேயே உருவாக்கிய சர்வர்களை, ஓட்டலாம். ஸ்டாண்டர்டில் இரண்டு, டேட்டாசென்டரில் எல்லையே இல்லை. 2012 பதிப்பில் இரண்டுக்கும் உள்ளே வேறு வித்தியாசமே கிடையாது. அப்போதைய அமெரிக்க விலை 882 டாலர், 4,809 டாலர். அந்த எண்ணிக்கைக்குத்தான் அவ்வளவு பணம். பத்துப் பேர் அலுவலகத்துக்கு யாராவது டேட்டாசென்டர் விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2016 முதல் ஸ்டாண்டர்டுக்கும் டேட்டாசென்டருக்கும் கோர் கணக்கில் விலை. எட்டே கோர் இருந்தாலும் குறைந்தது 16க்குக் கட்ட வேண்டும். 2012 பதிப்புக்கு நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 2016க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பில்லில் பதிப்பின் பெயர், ஆண்டு, கால் எத்தனை, ஆளுக்கா கருவிக்கா என்று எழுதி வாங்குங்கள். காப்புப் பிரதி எடுப்பதைப் பற்றி... சரி, சரி, இரண்டு கையையும் தூக்கிவிட்டார். வணக்கம்.